நீச்சல் ஆசான்கள்

கலைகளுள் சில கண்டு கற்கத்தக்கன. சில கேட்டுக் கற்கத்தக்கன. சில நூல்களைப் படித்தே கற்கத்தக்கன. நீச்சலோ நீரில் இறங்கினாலன்றி வாராத கலை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழிக்கு இதனினும் சிறந்த சான்று கிடைத்தல் அரிது. நீச்சலைப் பற்றி நூறு நூல்களைக் கற்றவனும், நீரில் இறங்கிப் பழகாதவனாயின், ஆழத்தில் தவறி விழுந்த அன்று தத்தளிப்பான். ஆயினும், நீரில் இறங்கிய அளவிலேயே நீச்சல் வந்துவிடும் என்று கருதுதலும் பிழையாகும். இறங்குகின்ற சிறுவனுக்குத் துணையாகக் கரையில் ஒருவர் நிற்றல் வேண்டும். அவர் கண் சிறுவனை விட்டு நீங்காதிருத்தல் வேண்டும். அவரே நீச்சல் ஆசான்.

அவ்வாசானின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை ஒரு கணக்கால் அறியலாம். உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதும் நிரம்பாத குழந்தைகள். இத்துன்பத்தைத் தடுக்கும் வழிகள் பலவற்றை அந்நிறுவனம் எடுத்துக் கூறுகிறது. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலையும், நீரருகே நடந்துகொள்ளும் முறையையும் கற்பித்தல் அவற்றுள் ஒன்று. ஆகவே, நீச்சலைக் கற்பித்தல் வெறும் விளையாட்டன்று. உயிர் காக்கும் கல்வியுமாகும்.

உயிரைக் காக்கும் அளவுக்கு நீந்தக் கற்றபின்னும் ஆசான் வேண்டுமோ என்று சிலர் வினவக்கூடும். விரைந்து நீந்த விரும்புவோர்க்கு அவர் இன்னும் மிகுதியாக வேண்டும். நீர், காற்றைப் போல் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி உடையது. தரையில் ஓடுகின்றவன் காற்றின் தடையைப் பெரிதும் உணர்வதில்லை. நீந்துகின்றவனோ ஒவ்வொரு முழத்தையும் நீரோடு போராடியே கடக்க வேண்டியவனாகிறான். மேலும், வேகம் இருமடங்கானால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. எனவே வலிமையைப் பெருக்குவதைக் காட்டிலும் தடையைக் குறைப்பதே அறிவுடைமை. நீந்தும்பொழுது தலையைச் சற்று மிகுதியாக உயர்த்தினால் இடுப்பு தாழ்கிறது. இடுப்புத் தாழ்ந்தால் கால்களும் அமிழ்கின்றன. உடல் சாய்ந்து, நீரைத் தள்ளும் பரப்பு பெருகுகிறது. சிறு பிழை ஒன்றால் பெருமுயற்சி வீணாகிறது.

இப்பிழையை நீந்துகின்றவன் தானே காண முடியாது. அவன் முகம் நீருள் இருக்கிறது. தன் இடுப்பும் காலும் எந்நிலையில் உள்ளன என்பதை அவன் அறியான். நேராகக் கையை வீசுவதாக அவன் எண்ணுவான். கையோ குறுக்கே செல்லும். கரையில் நிற்கும் ஆசானுக்கே அவை அனைத்தும் தெரியும். ஆசானின் கண்ணைத் தன் கண்ணாகக் கொண்டு நீந்துபவனே பிழை நீங்கப் பெறுவான்.

இத்தகைய ஆசான்கள் பணியாற்றும் இடமே நீச்சற் கழகம். இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா முதலிய நாடுகளில் சிற்றூர்களிலும் நகர்ப் பகுதிகளிலும் இவ்வகைக் கழகங்கள் மிகப் பல உள்ளன. பல கழகங்களுக்குச் சொந்தமான குளம் இல்லை. நகராட்சியின் குளத்தையோ பள்ளியின் குளத்தையோ மணிக் கணக்கில் வாடகைக்குப் பெற்று அவை பயிற்சி நடத்துகின்றன. பொதுமக்கள் வருமுன் வைகறையிலும், பள்ளி முடிந்தபின் மாலையிலுமே நீர் கிடைக்கும். கதிரவன் எழுமுன் குளக்கரைக்கு வந்து சேரும் சிறுவர் சிறுமியரையும், அவர்களுக்கு முன்னரே வந்து காத்திருக்கும் ஆசான்களையும் அங்குக் காணலாம்.

அவ்வாசான்கள் இருவகையினர். ஊதியம் எதனையும் பெறாமல், தம் தொழில் முடிந்த பின்னரோ தொடங்குமுன்னரோ வந்து உதவுவோர் ஒரு வகையினர். இவர்களைத் தொண்டர் ஆசான்கள் எனலாம். பயிற்சி அளிப்பதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டு, அதற்கென ஊதியம் பெறுவோர் மற்றொரு வகையினர். இவர்களைத் தொழில் ஆசான்கள் எனலாம். தொண்டருள் பலர் கழகத்துப் பிள்ளைகளின் பெற்றோர்; சிலர் ஒருகாலத்தில் அதே கழகத்தில் நீந்தி வளர்ந்தோர். அவர்களே முதன்முதல் நீரில் இறங்கும் குழந்தையின் அச்சத்தைப் போக்குகின்றனர்; வருகைப் பதிவேட்டை எழுதுகின்றனர்; போட்டி நாளில் கையில் கடிகாரத்தோடு நேரம் குறிக்கின்றனர். தொழில் ஆசானோ ஓராண்டுப் பயிற்சியை முன்கூட்டியே வகுக்கிறார். எந்த மாதத்தில் உழைப்பைப் பெருக்குவது, எந்த வாரத்தில் ஓய்வைக் கூட்டுவது, எந்தச் சிறுவனை எந்தக் குழுவில் சேர்ப்பது என்பவற்றை அவரே முடிவு செய்கிறார்.

இவ்விருவருள் உயர்ந்தவர் யார்? இவ்வினா புதியதன்று. நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமை உடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பொதுக் குளியற் குளங்கள் பெருகின. அவற்றில் பொருள் பெற்று நீச்சல் கற்பித்த வல்லுநர்கள் தம்மை ‘நீச்சற் பேராசிரியர்’ என்று அழைத்துக்கொண்டனர். பந்தயம் கட்டி நீந்திப் பரிசுப் பணம் பெறுவதும் அவர்கள் வழக்கம். பணத்துக்காக அன்றி விளையாட்டின்பத்துக்காகவே நீந்தியோர், 1869-ஆம் ஆண்டில் இலண்டனில் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். நீச்சலால் பொருளீட்டுவோரைத் தம் போட்டிகளில் அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. பொருள் புகுந்தால் விளையாட்டின் தூய்மை கெடும் என்பது அவர்தம் கருத்து. ஆனால், நாள் முழுதும் குளக்கரையில் நின்று கற்பிக்கும் ஏழை ஆசான் ஊதியமின்றி எங்ஙனம் வாழ்வான் என்பதை அக்கருத்து எண்ணிப் பார்க்கவில்லை. தொண்டு உயர்ந்தது, தொழில் தாழ்ந்தது என்ற எண்ணம் அவ்வாறு வேரூன்றிற்று. பிற்காலத்தில் அதற்கு நேர் மாறாக, ஊதியம் பெறுவோரே திறமையானவர், தொண்டர் அரைகுறை அறிவினர் என்ற எண்ணமும் சிலரிடம் தோன்றிற்று. இவ்விரு கருத்துகளும் முழு உண்மை ஆகா என்பதை ஒரு பள்ளியாசிரியரின் வரலாறு நன்கு விளக்குகிறது.

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஹவாய்த் தீவுகள் உள்ளன. அவை இன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஒரு மாநிலம். 1959-ஆம் ஆண்டுக்கு முன் மாநில உரிமை பெறாத ஆட்சிப் பகுதியாக இருந்தன. அத்தீவுகளுள் ஒன்று மாவுயி. அதன் நடுப்பகுதி மழை குறைந்த சமவெளி. மழை மிகுந்த மலைச் சரிவுகளிலிருந்து கால்வாய்கள் வழியே நீரைக் கொணர்ந்து, அச்சமவெளி முழுவதையும் கரும்புத் தோட்டமாக்கினர் முதலாளிகள். தோட்ட வேலைக்கு ஜப்பான், பிலிப்பைன்ஸ், சீனா, போர்ச்சுகல் முதலிய பல நாடுகளிலிருந்து ஏழை மக்கள் வந்து குடியேறினர். தோட்டத்தினிடையே அமைந்த குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தனர். வெயிலும் உழைப்பும் மிக்க வாழ்க்கை அது, கூலியோ குறைவு.

பெற்றோர் வயலில் உழைக்கும் நேரத்தில் பிள்ளைகளுக்கு இன்பம் தந்தவை அப்பாசனக் கால்வாய்களே. பிள்ளைகள் அவற்றில் குதித்துக் கூத்தாடினர். கால்வாய் நீர் கரும்புக்கு உரியது. அதில் விளையாடுதல் தோட்ட விதிக்குப் புறம்பானது. காவலர் வந்து விரட்டுவர். பிள்ளைகள் ஓடி ஒளிவர். காவலர் சென்றதும் மீண்டும் குதிப்பர். இக்காட்சியை நாள்தோறும் கண்டார் பூவுனெனே என்னும் ஊரின் பள்ளியாசிரியர் ஒருவர். அவர் பெயர் சொயிச்சி சகாமோட்டோ. 1906-ஆம் ஆண்டில் அத்தீவிலேயே பிறந்தவர், ஜப்பானியக் குடிவழியினர். பிள்ளைகள் விரட்டப்படுவதைக் காண அவர் மனம் பொறுக்கவில்லை. அவர்களைத் தம் மேற்பார்வையில் நீந்தவிடுமாறு தோட்டத்தாரிடம் கேட்டு இசைவு பெற்றார். 1930-களின் முற்பகுதியில் அவர் தொண்டு இவ்வாறு தொடங்கிற்று.

சகாமோட்டோ சிறந்த நீச்சல் வீரர் அல்லர். எந்தப் பயிற்சிக் கூடத்திலும் நீச்சற் கலையை அவர் முறையாகக் கற்றதும் இல்லை. தொடக்கத்தில் அவர் எண்ணியதும் பெரிதொன்றன்று: பிள்ளைகள் பாதுகாப்பாக விளையாட வேண்டும் என்பதே. ஆனால், கரையில் நின்று பார்க்கப் பார்க்க, இன்னும் செம்மையாக நீந்த இவர்களுக்குக் கற்பித்தல் இயலாதோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் எழுந்தது. தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடாமல், தெரிந்துகொள்ள முற்பட்டார். கிடைத்த நூல்களைப் படித்தார். பிள்ளைகளின் கையசைவையும் காலசைவையும் ஊன்றி நோக்கினார். ஒன்றைச் சொல்லிக் கொடுத்து, அதன் பயனைக் கண்டு, தவறாயின் மாற்றினார். பிள்ளைகள் அவரிடம் நீந்தக் கற்றனர். அவரோ பிள்ளைகளைப் பார்த்தே கற்பிக்கக் கற்றார்.

அக்கால்வாய் சில அடி அகலமே உடையது. ஆழமும் ஓர் ஆள் உயரம் இராது. அதில் சிறந்த பயிற்சி எங்ஙனம் நடைபெறும் என்று வியப்புத் தோன்றலாம். குறையையே நிறையாக்கினார் சகாமோட்டோ. கால்வாயில் நீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும் நீரை எதிர்த்து நீந்துமாறு பிள்ளைகளை ஏவினார். எதிர்நீச்சலில் கை ஓய்ந்த அக்கணமே நீர் பின்னுக்குத் தள்ளிவிடும். ஆதலால் சோம்பலுக்கு அங்கு இடமில்லை. பிழைபட நீந்துபவன் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நிற்பான். ஆதலால் தன் பிழையை அவனே உணர்வான். குறித்த தொலைவு எதிர்த்து நீந்தியபின், நீரோட்டத்தோடு இழைந்து எளிதாகத் திரும்பி வருவர். வந்தபின் மீண்டும் எதிர்ப்பர். கடும் உழைப்பு, சிறிது ஓய்வு, மீண்டும் கடும் உழைப்பு என அடுக்கடுக்காக அமையும் முறையை இன்று உலகமெங்கும் பயிற்சியாளர் கையாளுகின்றனர். பின்னர்த் தோட்டத்து நீச்சற் குளத்திலும் பயிற்சி நடந்தது.

1936-ஆம் ஆண்டில் ஒரு செய்தி உலகெங்கும் பரவிற்று. 1940-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டுகள் ஜப்பானியத் தலைநகரான டோக்கியோவில் நடைபெறும் என முடிவு செய்யப்பட்டது. 1937-ஆம் ஆண்டில் சகாமோட்டோ தம் மாணவரைக் கூட்டி ஒரு கழகம் நிறுவினார். ‘மூன்றாண்டு நீச்சற் கழகம்’ என்பது அதன் பெயர். மூன்றாண்டுகள் இடைவிடாது உழைத்து, 1940-இல் அமெரிக்காவின் சார்பில் ஒலிம்பிக்கில் நீந்துவதே அதன் குறிக்கோள். ஏழைக் கூலியாளரின் பிள்ளைகளுக்கு இக்குறிக்கோள் எட்டாக் கனி என்றே பலரும் எண்ணியிருப்பர். கழகத்தில் சேர்வோர் நாள் தவறாது வருதல் வேண்டும்; ஒழுக்கம் பேணுதல் வேண்டும்; உணவிலும் உறக்கத்திலும் கட்டுப்பாடு கொள்ளுதல் வேண்டும். ஆசிரியர் பகலில் பள்ளியில் பாடம் கற்பித்து, மாலையில் நீச்சல் கற்பித்தார். இப்பணிக்கு அவர் ஊதியம் பெறவில்லை. அவர் மனைவியாரும் அப்பிள்ளைகளைத் தம் மக்களாகவே கருதிப் பேணினார்.

உழைப்பு வீண்போகவில்லை. 1938-ஆம் ஆண்டில் தாகாஷி ஹிரோசே என்ற இளைஞர் அமெரிக்க அணியில் இடம்பெற்று வெளிநாடு சென்று நீந்தினார். 1939-ஆம் ஆண்டில் அக்கழகம் அமெரிக்க நாட்டுப் போட்டியில் அணிப் பட்டத்தையே வென்றது. பெரும்பொருள் படைத்த நகரக் கழகங்களும் புகழ்பெற்ற தொழில் ஆசான்களின் மாணவர்களும் கலந்துகொண்ட போட்டி அது. அவ்வாண்டிலேயே பூஜிகோ கட்சுடானி என்னும் சிறுமி மகளிர் மார்பு நீச்சலில் நாட்டுப் பட்டம் பெற்றாள். கியோஷி நகாமா என்ற இளைஞர் நெடுந்தொலைவு நீச்சலில் ஒப்பற்று விளங்கினார். 1940-ஆம் ஆண்டிலும் 1941-ஆம் ஆண்டிலும் அணிப் பட்டம் அக்கழகத்துக்கே கிடைத்தது. கால்வாயிலிருந்து விரட்டப்பட்ட பிள்ளைகளை நாடே திரும்பிப் பார்த்தது.

ஆனால், அவர்கள் எதற்காக உழைத்தார்களோ அது அவர்களுக்குக் கிட்டவில்லை. சீனாவோடு போரிட்டுக்கொண்டிருந்த ஜப்பான், 1938-ஆம் ஆண்டில் ஒலிம்பிக் விளையாட்டுகளை நடத்தும் பொறுப்பிலிருந்து விலகிற்று. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகருக்கு அவை மாற்றப்பட்டன. 1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1940-ஆம் ஆண்டு விளையாட்டுகள் அறவே கைவிடப்பட்டன. 1941 டிசம்பர் 7-ஆம் நாள் ஹவாயின் முத்துத் துறைமுகம் தாக்கப்பட்டது. போர் அத்தீவுகளையே சூழ்ந்தது. 1944-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கும் நடைபெறவில்லை. நீச்சல் வீரனின் இளமை வாடிவிடும் மலர் போன்றது. நாடுகள் போரை முடிக்கும் வரை அது காத்திராது. ஹிரோசே போன்றோர் நீச்சலை விட்டுப் போர்க்களம் சென்றனர்.

போர் ஓய்ந்தபின் 1948-ஆம் ஆண்டில் இலண்டனில் ஒலிம்பிக் நடைபெற்றது. சகாமோட்டோவின் மாணவருள் ஒருவராகிய பில் ஸ்மித் அங்கே 400 மீட்டர் நீச்சலிலும், நால்வர் அணிப் போட்டியிலும் தங்கப் பதக்கங்கள் வென்றார். இளமையில் நச்சுக் காய்ச்சலால் மெலிந்து, உடல் தேறும் பொருட்டு நீந்தத் தொடங்கியவர் அவர். சகாமோட்டோவிடம் பயிலும் ஆர்வத்தால் ஹொனலூலு நகரை விட்டு மாவுயிக்கு வந்தவர். பதினோராண்டுகளுக்கு முன் கால்வாய்க் கரையில் கண்ட கனவு, ஒருவர் வாயிலாகவேனும் நனவாயிற்று.

எஞ்சியோர் பெற்ற பயன் யாது? பதக்கம் ஒன்றையே பயன் என்று கொண்டால், அவர்கள் வெறுங்கையர் ஆவர். உண்மை அவ்வாறன்று. நகாமா கல்லூரிக் கல்வி பெற்று, பின்னர் ஆசிரியராகவும் நீச்சல் ஆசானாகவும் விளங்கினார். ஹவாய்ச் சட்டமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். 1961-ஆம் ஆண்டில், தம் நாற்பதாவது வயதைக் கடந்த நிலையில், மொலோக்கை, ஒவாஹு என்னும் தீவுகளுக்கு இடைப்பட்ட கடலை நீந்திக் கடந்தார். அலை மிகுந்த அந்நீரிணையின் அகலம் ஏறத்தாழ 26 மைல். அதை நீந்தக் கொண்ட நேரம் பதினைந்து மணிக்கு மேல். எதிர்நீச்சலில் இளமையிலே பழகிய கைகள் அவை. பில் ஸ்மித்தோ ஹொனலூலு நகரின் கடற்கரைகளில் உயிர்காக்கும் வீரர்களுக்குத் தலைவராகிப் பல்லாண்டு தொண்டாற்றினார். தாம் ஓர் ஆசானிடம் பெற்றதை உயிர் காக்கும் பணிக்குப் பயன்படுத்தினார். நல்லாசானின் பயன் மாணவனோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இவர்களே சான்று.

சகாமோட்டோ தொண்டராகவே இருந்துவிடவும் இல்லை. போருக்குப்பின் ஹவாய்ப் பல்கலைக்கழகம் அவரைத் தன் நீச்சற் பயிற்சியாளராக அமர்த்திற்று. அங்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் பணியாற்றினார். 1966-ஆம் ஆண்டில் உலக நீச்சற் புகழ்மன்றம் அவரைத் தன் பெருமக்களுள் ஒருவராகச் சேர்த்துச் சிறப்பித்தது. 1997-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். கால்வாய்க் கரையில் நின்ற தொண்டரும், பல்கலைக்கழகக் குளக்கரையில் நின்ற தொழில் ஆசானும் ஒருவரே. ஊதியம் வந்ததால் அவர் அன்பு குறையவில்லை. ஊதியம் இல்லாத காலத்திலும் அவர் அறிவு குறைவுபடவில்லை. ஆசானின் தகுதியை அளக்கும் கோல் ஊதியமன்று என்பது இதனால் விளங்கும்.

அறிவைத் தொழிலாகக் கொண்டு வந்த ஆசான் ஒருவரையும் இங்கு எண்ணுதல் தகும். ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் உடலியல் கற்பித்தவர் போர்ப்ஸ் கார்லைல். உழைக்கும் உடல் எவ்வாறு சோர்கிறது, சோர்ந்தபின் எவ்வாறு தேறுகிறது என்பதை ஆராய்ந்தவர் அவர். அவ்வாராய்ச்சியை நீச்சற் பயிற்சிக்குப் பயன்படுத்தினார். நாளடைவில் அப்பணியையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார். நீந்தியவுடன் மாணவரின் நாடித் துடிப்பை எண்ணினார். துடிப்பு எத்துணை விரைவில் தணிகிறது என்பதைக் கொண்டு அவர்தம் நிலையை அறிந்தார். குளக்கரையில் பெரிய கடிகாரத்தை நிறுத்தி, நீந்துவோர் தம் நேரத்தைத் தாமே கண்டறியச் செய்தார். அவரும் அவர் மனைவியார் அர்சுலாவும் நடத்திய கழகத்தில் பயின்றவள் ஷேன் கோல்டு என்னும் சிறுமி. 1972-ஆம் ஆண்டு மூனிக் ஒலிம்பிக்கில், தன் பதினைந்தாம் வயதில், அவள் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றாள். கடிகாரமும் நாடிக் கணக்கும் மட்டும் இவ்வெற்றியைத் தந்துவிடவில்லை. ஆயிரம் வைகறைகளில் அச்சிறுமியோடு குளக்கரையில் நின்ற பொறுமையும் உடன் இருந்தது. தொழிலுக்குள்ளும் தொண்டு உண்டு என்பதை இது காட்டுகிறது.

இனி, இன்றைய கழகங்களை நோக்குவோம். அன்பு ஒன்றே போதும் என்னும் காலம் கடந்துவிட்டது. வளரும் சிறுவனின் தோள்மூட்டு மென்மையானது. அளவு மீறிய பயிற்சியால் அது கேடுறும். மூச்சை அடக்கி நீருக்கடியில் நெடுந்தொலைவு நீந்துமாறு அறியாமையால் ஏவினால், நீந்துபவன் தன்னை அறியாமலே மயங்கி மூழ்கக்கூடும். நல்லெண்ணம் இத்தீமைகளைத் தடுக்காது, அறிவே தடுக்கும். ஆதலால், பிரிட்டன் முதலிய நாடுகளில் தொண்டர் ஆசான்களும் முறையாகப் பயின்று சான்றிதழ் பெறுகின்றனர். முதலில் பிறருக்கு உதவியாக நின்று பழகுகின்றனர். பின்னரே தனித்துக் கற்பிக்கத் தகுதி பெறுகின்றனர். மூழ்கியவரை மீட்கும் முறையையும், மூச்சு நின்றவருக்கு அதனை மீட்டளிக்கும் முறையையும் பயில்கின்றனர். பிள்ளைகளோடு பழகுவோரின் முன்னைய நடத்தையும் ஆராயப்படுகிறது. தொண்டர் என்பதால் இவ்விதிகளிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர்க்குக் கழகம் அளிக்கும் உறுதி இதுவே.

அறிவு ஒன்றே போதும் என்பதும் தவறு. பதக்கத்தையே நோக்கும் ஆசான், விரைந்து நீந்தும் ஐவரைக் கண்டு மகிழ்ந்து, பின்தங்கும் ஐம்பதின்மரை மறந்துவிடக்கூடும். தொழில் ஆசானின் திறமையை வெற்றிகளைக் கொண்டே பிறர் அளப்பதால் அவருக்கு இவ்விடர் மிகுதி. ஆனால், கழகத்தில் சேரும் பிள்ளைகளுள் ஒலிம்பிக் செல்வோர் மிகச் சிலர். எஞ்சியோர் அனைவரும் நீரைக் கண்டு அஞ்சாமலும், அதே நேரத்தில் நீரை எளிதாக எண்ணாமலும் வாழக் கற்றுச் செல்ல வேண்டியவர்கள். முதன்முதல் நீரில் இறங்க அஞ்சி அழும் குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு, ‘நான் இருக்கிறேன்’ என்று கூறும் தொண்டரால்தான் அவர்கள் கல்வி தொடங்குகிறது. அத்தொடக்கம் இல்லையேல் தொழில் ஆசானுக்குப் பயிற்றுவிக்க மாணவரே இரார். தொழில் ஆசான் இல்லையேல் தொண்டரின் முயற்சி ஓரளவோடு நின்றுவிடும். கரையின்றிக் குளமில்லை, நீரின்றியும் குளமில்லை. இருவரும் சேர்ந்ததே கழகம்.

மாவுயித் தீவின் கரும்புத் தோட்டம் இன்று இல்லை. 2016-ஆம் ஆண்டில் அங்குக் கடைசி அறுவடை முடிந்தது. கரும்பு சென்றது, தோட்டக் குடியிருப்புகள் மறைந்தன. ஆயினும், தாம் நன்கு நீந்தவும் அறியாத ஓர் ஆசிரியர், பிறர் பிள்ளைகள் பாதுகாப்பாக நீந்த வேண்டும் என்று ஒருநாள் கால்வாய்க் கரையில் நின்ற செய்தி மறையவில்லை. நிற்கத் தூண்டியது அன்பு. நின்றபின் அவரைக் கற்கத் தூண்டியது பொறுப்பு. இவ்விரண்டும் உடையவர் ஊதியம் பெறினும் பெறாவிடினும் ஆசானே ஆவர். இவ்விரண்டும் இல்லாதவர் எத்துணைப் பதக்கங்களை ஈட்டித் தரினும் ஆசான் ஆகார். கரையில் நிற்பவரின் கண், நீரில் இருக்கும் பிள்ளையை விட்டு நீங்காதிருத்தல் வேண்டும். நீச்சல் ஆசானுக்கு முதற் பாடமும் அதுவே. இறுதிப் பாடமும் அதுவே.